ஒரே மழையில் நனையும் நகல்கள்

தாமிரபரணிப் பள்ளத்தாக்கின் கடைகள், மருத்துவமனைகள், கல்லூரிகள், கூட்டுறவுச் சங்கங்கள் ஆகியவற்றின் கணக்குகளும் பதிவேடுகளும் பெரும்பாலும் கணினிக்குள் சென்றுவிட்ட இக்காலத்தில், அவற்றுக்குப் பேக்கப் எனப்படும் காப்பு நகல் எடுக்கப்படுகிறதா என்று கேட்பதைவிட, எடுத்த நகல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்பதே இன்றியமையாததாகிவிட்டது. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியதும், பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளிலிருந்து திறந்துவிடப்பட்ட நீரோடு அணைகளுக்குக் கீழே பெய்த மழையும் சேர்ந்து திருநெல்வேலியின் கொக்கிரகுளம், வண்ணார்பேட்டை, சந்திப்புப் பேருந்து நிலையம் ஆகிய இடங்களை மூழ்கடித்ததும் இக்கேள்விக்கு அடிப்படையாகும்.

நகல் எடுக்கும் அலுவலகங்களில்கூட, பெரும்பாலும் கணக்குக் கோப்புகளே நகலெடுக்கப்படுகின்றன. சர்வரை, அதாவது பல கணினிகளுக்கும் பொதுவாக நின்று தரவு வழங்கும் தாய்க்கணினியை, இயங்கச் செய்யும் அமைப்புத் தரவு விடுபட்டுப்போகிறது. இயங்குதளத்தின் அமைப்புகளைச் சேமிக்கும் ரிஜிஸ்ட்ரி, கணினி தொடங்குவதற்கான கோப்புகள், எந்தப் பயனர் எதைத் திறக்கலாம் என்று வரையறுக்கும் ஆக்டிவ் டைரக்டரி எனும் பயனர் பதிவேடு, பாதுகாப்புச் சான்றிதழ்கள் ஆகியவற்றின் தொகுப்பே விண்டோஸ் சர்வரில் சிஸ்டம் ஸ்டேட் எனப்படுகிறது. இது இல்லாவிட்டால், கணக்குக் கோப்பு பத்திரமாக இருந்தாலும், பயனர்களையும் உரிமைகளையும் ஒவ்வொன்றாக மீண்டும் உருவாக்கும் வரை அலுவலகம் நடக்காது.

இந்த அமைப்புத் தரவை வலைப்பின்னலில் உள்ள மற்றொரு சர்வருக்கு இரவுதோறும் தானாக அனுப்பிவைப்பது எளிதும் நல்லதும் ஆகும். ஒரு ஹார்டுடிஸ்க் பழுதானால் மறுநாளே வேலை தொடரும். ஆனால் அந்த இரண்டாவது சர்வர் பெரும்பாலும் அதே கட்டடத்தில், அதே அறையில், அதே யுபிஎஸ்ஸில் பொருத்தப்பட்டிருப்பதால், வெள்ளநீர் மூலத்தையும் நகலையும் ஒரே நேரத்தில் அடைகிறது. ஆற்றுக்குள்ளேயே அமைந்த குறுக்குத்துறை முருகன் கோயிலில், வெள்ளத்தின் அறிகுறி தெரிந்ததும் உற்சவரையும் கோயில் பொருள்களையும் கரைமேல் உள்ள மேலக்கோயிலுக்கு எடுத்துச் செல்லும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. வெள்ளம் எட்டாத இடம் எது என்பதை முன்கூட்டியே தீர்மானித்து வைத்திருக்கும் அந்த ஒழுங்கு, அதே ஊரின் கணினி அறைகளில் காணப்படாதது வருந்தத்தக்கது.

நகல் உள்ள சர்வரை மாடிக்கு மாற்றினால் போதும் என்று கருதுவோர் உண்டு. தண்ணீர் தொடாவிட்டாலும், மின்சாரமும் சாலையும் துண்டிக்கப்பட்ட நாள்களில் அந்த மாடியை அணுக முடியாது என்பதை அவர்கள் கணக்கில் கொள்வதில்லை. திருநெல்வேலியிலிருந்து ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவிலுள்ள தூத்துக்குடிக் கிளையில் நகல் இருப்பதும் பாதுகாப்பாகாது. ஏனெனில் 2023-இல் திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களும் ஒரே மழையில் சிக்கின. தொலைவை மைல்கணக்கில் அளப்பதைவிட, ஒரே பேரிடர் இரண்டு இடங்களையும் தொடுமா என்று அளப்பதே சரியான முறையாகும். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஒரு தரவு மையம் எரிந்தபோது, நகலையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் சேர்த்தே இழந்தனர்.

கிளவுட் எனப்படும் இணையவழிச் சேமிப்பு இச்சிக்கலைத் தீர்த்துவிட்டது என்ற கருத்தில் ஓரளவு உண்மை உள்ளது. எனினும் 1 டெராபைட் தரவை வினாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் திரும்பப் பெற, இணைப்பு ஒருமுறையும் அறுபடாத நிலையிலும் 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால், இணைப்பே அற்றுப்போகும் வெள்ளக் காலத்தில் அதை மட்டும் நம்புவது போதாது. மதுரையிலோ கோவையிலோ ஒரு ஹார்டுடிஸ்க், வலைப்பின்னலிலிருந்து கழற்றப்பட்ட நிலையில் இருக்க வேண்டும். கழற்றி வைத்திருப்பதால், வலைவழிப் பரவிக் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் ரேன்சம்வேர் நிரல்களும் அதை அணுக முடியாது.

அந்த நகலும் பழையதாகிவிடக் கூடாது. ஆக்டிவ் டைரக்டரியில், நீக்கப்பட்ட பயனர்களின் குறிப்பு இயல்பான அமைப்பில் 180 நாள்களே வைக்கப்படுவதால், அதைவிடப் பழைய நகலை மீட்புக்குப் பயன்படுத்த இயலாது; சென்ற ஆண்டு மழைக்கு முன் எடுத்துவைத்த நகல் இந்த ஆண்டு மழைக்கு உதவாது. ஆகவே, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் அக்டோபருக்குள், இப்பள்ளத்தாக்கில் சர்வர் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அமைப்புத் தரவின் புதிய நகல் ஒன்றை எடுத்து, வேறொரு கணினியில் அதை மீட்டெடுத்து இயங்குகிறதா என்று சோதித்தபின், நான்கு மாவட்ட எல்லைக்கு வெளியே அனுப்பிவைக்க வேண்டும்.