காற்றை மட்டும் பார்த்தால் போதாது

வைஃபைக்கு ஒரே வேகம் என்று ஒன்று கிடையாது. 1999-இல் வந்த 802.11ஏ தரத்தில் நொடிக்கு 6 மெகாபிட் முதல் 54 மெகாபிட் வரை எட்டுப் படிகள் உண்டு. 1,500 பைட் பாக்கெட்டை அனுப்ப அடிப்படியில் 2,000 மைக்ரோநொடி பிடிக்கும். உச்சிப்படியில் 222 போதும். அப்படியானால் எப்போதும் உச்சியிலேயே அனுப்பலாமே? முடியாது. வேகம் ஏற ஏற சிக்னலுக்குள் பிட்டுகளை நெருக்கி அடைக்க வேண்டும். கொஞ்சம் இரைச்சல் குறுக்கிட்டாலும் பாக்கெட் பாழ். திரும்ப அனுப்ப வேண்டியதுதான்.

எந்தப் படியில் அனுப்புவது என்பதை ரவுட்டரே முடிவு செய்கிறது. 1997-இல் காமர்மேனும் மான்டெபானும் வெளியிட்ட ஏஆர்எஃப் முறை எளிமையானது: தொடர்ந்து பத்துப் பாக்கெட் போய்ச் சேர்ந்தால் ஒரு படி ஏறு, அடுத்தடுத்து இரண்டு தவறினால் ஒரு படி இறங்கு. லினக்ஸில் உள்ள மின்ஸ்ட்ரெல் முறை, சுமார் பத்தில் ஒரு பங்கு பாக்கெட்டுகளை வேறு வேகங்களில் அனுப்பிப் பார்த்து வெற்றிக்கணக்கு வைத்துக்கொள்கிறது.

இரண்டுமே காற்றின் நிலையை மட்டும் பார்ப்பவை. ரவுட்டருக்குள் பஃபர் என்னும் தற்காலிக நினைவகத்தில் எவ்வளவு காத்துக் கிடக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் முடிவு மாறும். பஃபர் ஏறக்குறையக் காலியா? அவசரமில்லை, தவறாத, மெதுவான படியே நல்லது. நிரம்பி வழிகிறதா? சில பாக்கெட் தவறினாலும் மொத்தத்தில் அதிகம் கடத்தும் படிக்கு ஏற வேண்டும். இல்லாவிட்டால் புதிதாக வருபவை இடமின்றிக் கைவிடப்படும்.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. ஒவ்வொரு முறை அனுப்பும்போதும் காற்று ஓயக் காத்திருப்பது, வந்து சேர்ந்ததென்ற பதிலுக்குக் காத்திருப்பது என 802.11ஏ-யில் சராசரியாக 160 மைக்ரோநொடிக்கு மேல் வீணாகும். பாக்கெட் போகும் நேரமே 222 என்றால் இது பெரிய நஷ்டம். அதனால்தான் 2009-இல் வந்த 802.11என், காத்திருக்கும் பாக்கெட்டுகளை 65,535 பைட் வரை ஒன்றாகக் கட்டி அனுப்புகிறது. ஆளுக்கொரு டிரிப் அடிக்காமல் நிற்பவர்களையெல்லாம் ஏற்றிப்போகும் ஷேர் ஆட்டோ மாதிரி. ஆனால் கட்டுவதற்குப் பஃபரில் சரக்கு இருக்க வேண்டும். உச்சி வேகத்தின் முழுப் பலனும் அப்போதுதான் கிடைக்கும்.

அதற்காகப் பஃபரைப் பெரிதாக்கிக்கொண்டே போகவும் கூடாது. வரிசை நீண்டால் வீடியோ அழைப்பு தாமதித்துத் திக்கும். வரிசையைக் கட்டுக்குள் வைக்க 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் தந்த கோடெல் முறை, பாக்கெட்டுகளை எண்ணாமல் அவை காத்திருந்த நேரத்தை அளக்கிறது. 5 மில்லிநொடி அதன் இலக்கு. ஆனால் அதே 1,500 பைட் பாக்கெட்டுகள் 50-ஐ 54 மெகாபிட்டில் காற்றில் அனுப்ப 11 மில்லிநொடி ஆகும். 6 மெகாபிட்டில் 100. வேகத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே காத்திருப்பும் தீர்மானமாகிவிடுகிறது. ஒன்றை விட்டு மற்றதைச் சீராக்க முடியாது.