தேமார் நதிக்கரையில் ஒரு நாள்

தவறணை என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே முகஞ் சுளிப்பது எம்மவர் வழக்கம். அவ்வழக்கத்தைக் குறைகூற நாம் முன்வரவில்லை. குடியினாற் சீரழிந்த குடும்பங்களை நாமும் அறிவோம். எனினும், இங்கிலாந்தின் கிராமங்களிலே உள்ள 'பப்' என்னும் மதுச்சாலையை நமது தவறணையோடு ஒன்றாக வைத்து எண்ணுதல் பொருந்தாது. 'பப்ளிக் ஹவுஸ்', அதாவது பொதுமனை, என்ற பெயரின் குறுக்கமே அது. கடையும் தபாற்கந்தோரும் மூடப்பட்டுப்போன கிராமங்கள் பலவற்றில், ஊரார் ஒருங்கு கூடி இருந்து பேச எஞ்சியுள்ள கூரை அது ஒன்றே. எமது ஊர் வாசிகசாலைத் திண்ணையை நினைவிற் கொண்டால் இதன் தன்மை ஒருவாறு விளங்கும்.

இம்மனைகளைப் புகையிரதத்திலும் பஸ்வண்டியிலும் குழுவாகச் சென்று கண்டு வருவது அந்நாட்டாருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. மரபுவழிப் பியரைக் காத்தற்பொருட்டு 1971ஆம் ஆண்டில் தோன்றிய 'காம்ரா' இயக்கத்தின் கிளைகள் இத்தகைய பிரயாணங்களை ஒழுங்கு செய்வதுண்டு. மோட்டார் வண்டியை வீட்டில் விட்டுச் செல்வதற்குத் தக்க காரணம் உண்டு. 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராமுக்கு மேல் மதுசாரம் இருக்க வண்டி ஓட்டுதல் குற்றம் என 1967இல் சட்டம் வகுக்கப்பட்டது. அச்சட்டம் எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால், ஊருக்கு வெளியே தனித்து நிற்கும் மதுச்சாலைகளுக்கு மோட்டாரில் வருவோர் தொகை குறையவும் அது ஒரு காரணமாயிற்று.

நாம் எண்மர் ஒரு சனிக்கிழமை காலை பிளிமத் நிலையத்திலே கூடினோம். எம்முள் இருவர் மதுவைத் தொடாதவர். அவர்களுக்குத் தேநீரே போதுமாயிருந்தது. கனிஸ்லேக் வரை செல்லும் அப்பாதையின் நீளம் ஏறத்தாழ 14 மைல். 1859இல் திறக்கப்பெற்ற, புருனெல் என்னும் பொறியியலறிஞரின் அரச அல்பேட் பாலத்தின் கீழாகப் புகுந்து, ஆற்றோரமாகச் சிறு வண்டி ஊர்ந்து சென்றது.

முதலில் இறங்கிய ஊர் பியர் பெரர்ஸ். பெயரைக் கேட்டதும் எம்மோடு வந்த மாணவன் நகைத்தான். ஊர்ப்பெயருக்கும் பானத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்றோம். ஆயினும் அந்நகைப்பு நீடிக்கவில்லை. 1917ஆம் ஆண்டு செப்தெம்பர் 24ஆந் திகதி, பிளிமத்திலிருந்து புறப்பட்ட நியூசிலாந்துப் படைவீரர், முதலாவது தரிப்பிலே உணவு கிடைக்கும் என்று சொல்லப்பட்டிருந்தமையால், எதிர்பாராது வண்டி நின்ற இவ்விடத்தை அத்தரிப்பெனக் கருதித் தவறான பக்கத்தில் இறங்கினர். அவ்வேளை எதிரே விரைந்து வந்த வண்டி மோதிப் பதின்மர் மாண்டனர். பசியோடு இறங்கிய அவ்விளைஞரை எண்ணியவாறே, ஊர் மதுச்சாலையில் நாம் அமைதியாக அமர்ந்திருந்தோம்.

அடுத்த நிலையமாகிய பியர் அல்ஸ்டனில் வண்டி திசை மாறுகின்றது. அங்கிருந்து தாவிஸ்ரொக் செல்லும் பாதை 1968இல் மூடப்பட்டமையால், ஓட்டுநர் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடந்து சென்று வண்டியைச் செலுத்துகின்றார். பின்னர், 1908இல் திறக்கப்பெற்ற கல்ஸ்ரொக் பாலம். 12 வளைவுகளோடு 120 அடி உயரத்தில் நிற்கும் அதனைக் கடக்கும்போது டெவன் கோட்டம் முடிந்து கோண்வால் தொடங்குகின்றது.

கல்ஸ்ரொக்கின் மதுச்சாலையொன்றில் கணப்படுப்பின் அருகே முதியவர் ஒருவர் நாயோடு வீற்றிருந்தார். வாயிலில் தொங்கிய பெயர்ப்பலகையின் வரலாற்றை மாணவனுக்கு விளக்கியவர் அவரே. மது விற்கும் இல்லங்கள் அடையாளம் தொங்கவிட வேண்டும் என 1393இல் இரண்டாம் ரிச்சட் மன்னன் விதித்தான் என்றும், எழுத்தறியாதாரும் படத்தைக் கண்டு இடத்தை அறிந்தனர் என்றும் கூறினார். இளமையில் இப்பள்ளத்தாக்கின் தோட்டங்களிற் பழம் பறித்தவர் அவர். பழங்களும் மலர்களும் இப்பாதை வழியாகவே இலண்டன் சந்தைக்குச் சென்றன. பார்வை மங்கியதால் இப்போது வண்டி ஓட்டுவதில்லை, மனைவியும் காலமாகிவிட்டார். இந்த மனை மூடப்படுமாயின், வாரம் முழுவதும் நாயோடு மட்டுமே பேச நேரும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

அவர் அஞ்சுவதில் நியாயம் உண்டு. கனிஸ்லேக்குக்கு அப்பாற்பட்ட பாதை 1966இல் மூடப்பட்டது. எஞ்சிய பகுதி பிழைத்தமைக்குக் காரணம், இப்பள்ளத்தாக்கின் வீதிகள் சீரற்றனவாய் இருந்தமையே. மதுச்சாலைகளைக் காக்கவும் வழிகள் தோன்றியுள்ளன. கம்பிரியாவின் ஹெஸ்கற் நியூமாக்கற் கிராமத்தார், 2003இல் 'ஓல்ட் கிரவுண்' என்னும் தம் ஊர் மதுச்சாலையைக் கூட்டுறவு முறையில் தாமே வாங்கினர். விற்பனைக்கு வரும் இத்தகைய இடத்தை வாங்க முயலுதற்கு ஊராருக்குக் கால அவகாசம் அளிக்கும் சட்டமும் 2011இல் இங்கிலாந்தில் நிறைவேறியது.

ஆளுக்கு அரைப் பைந்து, அதாவது 284 மில்லிலீற்றர், என்பதே அன்று நாம் வகுத்துக்கொண்ட அளவு. அளவு மீறாது காத்தது நேர அட்டவணை. வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு இரண்டு மணித்தியாலம் காத்திருக்க வேண்டும். மாலை வண்டியை நோக்கி மேட்டில் ஏறுகையில் திரும்பிப் பார்த்தோம். முதியவர் வாயிலில் நின்று கையசைத்தார்.

ஒரு பிரயாணச்சீட்டும் ஒரு குவளைப் பானமும் அற்பச் செலவே. ஆயினும், ஆள் ஏறாத வண்டி நின்றுவிடும்; ஆள் வராத வீடு பூட்டப்பட்டுவிடும். இரண்டையும் திறந்து வைத்திருப்பவை சென்றுவருவோரின் கால்களே.