குழந்தையின் இருதயத்தில் ஓட்டை: எங்கே கொண்டு போவது?



நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பகுதி, இருதய நோயுள்ள குழந்தைகளைப் பெரிய மருத்துவமனைகளுக்கு அனுப்பி வைப்பதற்குச் செலவாகிறது. "நம்முடைய ஆஸ்பத்திரியிலேயே ஆபரேஷன் செய்யக்கூடாதா?" என்று சில சபையார் கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விளக்கம் அளிப்பது எங்கள் கடமை.

பிறக்கும் 100 குழந்தைகளில் ஏறக்குறைய ஒன்றுக்கு இருதயத்தில் ஏதாவதொரு குறைபாடு இருக்கிறது. பால் குடிக்கையில் மூச்சு வாங்கி நெற்றி வியர்ப்பது, எடை ஏறாதிருப்பது, அடிக்கடி நிமோனியா வருவது, உதடும் நாக்கும் நீலம் பாய்வது ஆகியவை முக்கிய அடையாளங்கள். இவற்றைக் கண்டுபிடிக்கவும், மருந்து கொடுத்துக் குழந்தையைப் பயணத்துக்கு ஆயத்தப்படுத்தவும் நம் மருத்துவர்களால் முடியும். அறுவை சிகிச்சையோ வேறு காரியம்.

3 கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் இருக்கும் இரத்தம் மொத்தமும் சுமார் 250 மில்லிதான். ஒரு பெரிய டம்ளர் அளவு. பெரியவர்கள் எளிதில் தாங்கும் இரத்த இழப்பு அந்தச் சிசுவுக்கு உயிராபத்து. எனவே, நல்ல சர்ஜன் ஒருவர் மட்டும் போதாது. குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்துப் பழகியவரும், இருதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குகிறவரும், இரவும் பகலும் விழித்திருந்து கவனிக்கும் நர்சுகளும் வேண்டும். இடைவிடாமல் இந்த வேலையைச் செய்கிற இடத்தில்தான் அந்தத் தேர்ச்சி உண்டாகும். 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைக் கட்டிலோடு வேலூரில் தொடங்கிய பணி அப்படித்தான் படிப்படியாய் வளர்ந்தது.

காலமும் முக்கியம். சிறு ஓட்டைகள் பல தாமாகவே மூடிக்கொள்ளும். பெரிய ஓட்டையைக் கவனியாமல் விட்டால், நுரையீரலின் இரத்தக் குழாய்கள் கெட்டுப்போய், ஒரு கட்டத்துக்குப்பின் ஆபரேஷனே செய்ய முடியாமற்போகும். இருதயத்தின் பெருங்குழாய்கள் இடம் மாறிப் பிறக்கும் குழந்தைகளுக்கோ முதல் சில வாரங்களுக்குள்ளேயே செய்தாகவேண்டும். "பிள்ளை கொஞ்சம் வளரட்டும்" என்பது எல்லோருக்கும் பொருந்தும் ஆலோசனை அல்ல.

பெற்றோர் எங்களிடம் விசாரிக்கும்போது, கட்டடத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், போகும் இடத்தில் நான்கு கேள்விகளைக் கேட்கும்படி சொல்லுகிறோம். குழந்தைகளுக்கென்று பயிற்சி பெற்ற இருதய மருத்துவர் எக்கோ பரிசோதனையைப் பார்க்கிறாரா? இதே குறைபாட்டுக்கு, இதே வயதில், சென்ற ஆண்டு எத்தனை பேருக்கு ஆபரேஷன் செய்தார்கள், பலன் எப்படி? குழந்தைகளுக்குத் தனியான தீவிர சிகிச்சைப் பிரிவு உண்டா? வீடு திரும்பியபின் யார் தொடர்ந்து பார்ப்பார்கள்? நல்ல மருத்துவமனை இக்கேள்விகளுக்குக் கோபப்படாது.

ஏழைகளுக்கு வழி அடைபட்டிருக்கவில்லை. 2013-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்கீழ் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளுக்கும் பள்ளிகளுக்கும் சென்று குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் தகுதியுள்ள குடும்பங்களுக்கு இருதய அறுவை சிகிச்சைச் செலவை ஏற்கிறது.

அப்படியானால் உங்கள் காணிக்கை எதற்கு? சென்ற ஆண்டு ஒரு குடும்பத்தார் ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தும் புறப்படாமல் இருந்தார்கள். சிகிச்சை இலவசம்தான், ஆனால் தகப்பன் கூலிக்குப் போகாவிட்டால் வீட்டிலிருக்கும் மூத்த பிள்ளைகளுக்குச் சோறில்லை. அந்த மூன்று வாரத்துச் சாப்பாட்டுச் செலவையும் பயணச் செலவையும் நீங்கள் தாங்கினீர்கள். குழந்தை இப்போது தவழுகிறது.

அனுப்பப்படும் எல்லாக் குழந்தைகளும் இப்படித் திரும்புவதில்லை. அதையும் மறைக்காமல் எழுதுகிறோம். ஆயினும் காலத்தோடு போய்ச் சேருகிறவர்களில் மிகுதியானோர் பிழைக்கிறார்கள். உங்கள் சபையில் பால் குடிக்க முடியாமல் வியர்க்கும் குழந்தையைக் கண்டால், ஜெபிப்பதோடு நின்றுவிடாமல், அந்த வாரமே மருத்துவரிடம் அனுப்பி வையுங்கள்.