நாக்கு கெட்டதா, காது கெடுத்ததா?
உப்பைக் குறைத்ததாகச் சொன்னதுமே குழம்பு சப்பென்று ஆகும் மர்மம்!

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி பஸ்சில் போகிறவர்களுக்கு மரக்காணம் வந்ததும் கண் கூசும். பாத்தி பாத்தியாக உப்பளம். கோடையில் வெள்ளை வெளேரென்று குவியல்கள். தூத்துக்குடி, வேதாரண்யம் வரிசையில் உப்புக்குப் பெயர் போன ஊர் இது. உப்புத் தண்ணீரைப் பாத்தியில் கட்டி, வெயிலில் காயவிட்டு, வாரிக் குவிக்கிறார்கள். பக்கிங்காம் கால்வாயில் படகுப் போக்குவரத்து இருந்த நாளில் உப்பும் அதில்தான் போயிற்று. இப்போது எல்லாம் லாரி.

அந்த உப்பைத்தான் டாக்டர்கள் "குறை, குறை" என்கிறார்கள்!

ஒரு ஆள் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் நிறுத்த வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதாவது ஒரு டீஸ்பூன். சோறு, குழம்பு, ரசம், மோர் எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். நம் வீடுகளில் ஊறுகாயும் அப்பளமும் இருக்கிறது. கடற்கரைப் பக்கம் கருவாடு வேறு. கணக்கு எங்கே நிற்கும்? ரத்தக்கொதிப்பு சத்தம் போட்டு வருகிற வியாதி அல்ல. கை கால் விழுந்த பிறகுதான் பல பேருக்குத் தெரிகிறது.

வீட்டுக்கு வீடு நாடகம்

டாக்டர் சொன்ன மறுநாள் நடப்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

"என்னங்க, இன்னையிலேர்ந்து உப்பு கம்மி. டாக்டர் சொல்லிட்டார்!"

அவ்வளவுதான். ஒரு வாய் வைத்ததும் முகம் சுளிக்கும். "இது என்ன குழம்பா, கழனித்தண்ணியா?" என்று தட்டு நகரும். உப்பு ஜாடி சாப்பாட்டுப் பலகைக்கே வந்துவிடும்.

வேடிக்கை என்னவென்றால், அன்றைக்குக் கை தவறி வழக்கமான உப்பே விழுந்திருந்தாலும் அவர் முகம் சுளித்திருப்பார்!

இது வெறும் பேச்சு இல்லை. ஆஸ்திரேலியாவில் ஆராய்ச்சியாளர்கள் சூப் கொடுத்து சோதித்தே பார்த்துவிட்டார்கள். 2012இல் முடிவு வெளியாயிற்று. சில கிண்ணங்களுக்கு 'உப்பு குறைக்கப்பட்டது' என்று சீட்டு. சிலவற்றுக்குச் சீட்டே இல்லை. உள்ளே இருந்த சூப் ஒன்றாகவே இருந்தாலும், சீட்டைப் படித்தவர்கள் "உப்பு பத்தலை, ருசி இல்லை" என்றார்கள். அதோடு விட்டார்களா? கூடுதலாக உப்பை எடுத்துக் கொட்டிக்கொண்டார்கள்! உப்பைக் குறைக்க ஒட்டிய சீட்டே உப்பை ஏற்றிவிட்டது.

அமெரிக்காவில் இன்னொரு கூத்து. நம்ம ஊர் மாம்பழ லஸ்சியைக் கொடுத்தார்கள். சிலரிடம் "இது உடம்புக்கு நல்லது" என்றார்கள், சிலரிடம் "நல்லதில்லை" என்றார்கள். நல்லதில்லை என்று கேட்டவர்களுக்குத்தான் லஸ்சி அதிகம் பிடித்தது. இது 2006இல் வெளியான ஆய்வு. "உடம்புக்கு நல்லது என்றால் ருசி இருக்காது" என்று மனசு முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது. நாக்கு அதன் கீழே கையெழுத்துப் போடுகிறது.

நமக்கு இதில் சிக்கல் இன்னும் கூடுதல். "உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்று சொல்லியே பிள்ளைகளை வளர்த்தாயிற்று. 'பத்தியம்' என்ற சொல்லைக் கேட்டாலே பாதிப் பசி போய்விடும். அதே கஞ்சிக்குத் துவையலை வைத்து, பத்தியம் என்று சொல்லாமல் கொடுத்தால், இன்னொரு தம்ளர் கேட்பவர்கள் உண்டு.

அயோடின் மேல் போட்ட பழி

உப்பு விஷயத்தில் இந்த வம்பு புதிதல்ல. கழுத்தில் வரும் கழலை நோயைத் தடுக்க உப்பில் அயோடின் சேர்த்தபோதும் "குழம்பு ருசி மாறிடுச்சு, ஊறுகாய் கறுத்துடுச்சு" என்ற பேச்சு கிளம்பியது. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கென்று விற்கக்கூடாது என்ற தடை 2006 மே மாதம் நாடு முழுவதும் அமலுக்கு வந்தது. சரி, சேர்ப்பது எவ்வளவு? வீட்டுக்கு வரும் உப்பில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் இருந்தால் போதும். ஒரு குண்டுமணி எடையில் எட்டில் ஒரு பங்கு! ஒரு கிலோ உப்புக்குள் அதை எந்த நாக்கு கண்டுபிடிக்கும்? பாக்கெட்டில் இருந்த எழுத்துதான் கண்டுபிடித்துக் கொடுத்தது.

பிரிட்டன்காரர்கள் இந்த விஷயத்தில் கெட்டிக்காரர்கள். ரொட்டியில் இருந்த உப்பை வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார்கள். 2001க்கும் 2011க்கும் நடுவே ஐந்தில் ஒரு பங்கு உப்பு போயே போய்விட்டது. வாங்குகிறவர்கள் சண்டைக்கு வரவில்லை. அதே பத்து வருஷத்தில் அந்த நாட்டில் ஒரு ஆள் சாப்பிடும் உப்பு 9.5 கிராமிலிருந்து 8.1 கிராமாக இறங்கியது.

எல்லாமே மனசின் வேலை என்று சொல்லிவிடவும் முடியாது. ஒரே நாளில் பாதி உப்பை நிறுத்தினால் எந்த நாக்கும் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு சிட்டிகை, சில நாள் கழித்து இன்னொரு சிட்டிகை என்று இறங்கினால் இரண்டு மூன்று மாதத்தில் நாக்கே பழகிவிடும். பிறகு பழைய குழம்பு கரிக்கும்! புளி, எலுமிச்சை, மிளகு, பூண்டு கைகொடுக்கும். மேஜையில் இருக்கும் உப்பு ஜாடியை அடுப்படிக்கு அனுப்புவது முதல் வேலை.

கடைகளில் சோடியம் குறைந்த உப்பும் கிடைக்கிறது. 2014இல் அரசின் 'அம்மா உப்பு' வந்தபோது அதிலும் ஒரு வகை இருந்தது. இந்த ரக உப்பில் பொட்டாசியம் உண்டு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் அதைத் தொடக்கூடாது.