சிறு முதலில் மாதிரி ரயில்: வாங்குவோரும் விற்போரும் அறிய வேண்டியவை

கொல்லிமலையின் பதினான்கு நாடுகளில் ஒன்றான தேவனூர் நாட்டில் தண்டவாளம் கிடையாது. அடிவாரத்திலுள்ள நாமக்கல்லுக்கே சேலம் - கரூர் பாதையில் 2013ஆம் ஆண்டில்தான் ரயில் வந்தது. ஆயினும் காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் சரக்கு கொண்டு போகும் மலைக்கடைக்காரரிடமும் குழந்தைகள் ரயில் பொம்மை கேட்கத்தான் செய்கிறார்கள்.

பேட்டரியில் ஓடும் சாதாரண ரயில் பொம்மை ஒரு முறை விற்பதோடு சரி. மாதிரி ரயில் அப்படியல்ல. அது உண்மை ரயிலை அளவு மாறாமல் சுருக்கிச் செய்தது. இந்த வியாபாரத்தின் சூட்சுமத்தை ஜெர்மனியின் மெர்க்லின் நிறுவனம் 1891இல் லைப்சிக் சந்தையில் காட்டியது. தண்டவாள அகலங்களுக்கு எண் கொடுத்து நிர்ணயித்து, முதலில் ஒரு தொகுப்பையும், பிறகு தண்டவாளம், பெட்டி, நிலையம் எனத் துண்டு துண்டாகவும் விற்றது. வாங்கியவரே மீண்டும் மீண்டும் கடைக்கு வந்தார்.

வாங்குவோருக்கு

முதலில் அளவை முடிவு செய்யுங்கள். ஹெச்.ஓ. வகை உண்மை ரயிலில் 87இல் ஒரு பங்கு. தண்டவாள அகலம் 16.5 மில்லிமீட்டர். என் வகைக்கு 9 மில்லிமீட்டர். இரண்டையும் கலந்து வாங்கினால் பணம் வீண்.

ஓர் இஞ்சின், இரண்டு மூன்று பெட்டி, ஒரு வட்டப் பாதை, 12 வோல்ட் கண்ட்ரோலர் - தொடக்கத்திற்கு இவை போதும். எட்டுக்கு நான்கு பிளைவுட்டைப் பாதியாக அறுத்தால் ஹெச்.ஓ. வட்டத்திற்கு இடம் கிடைக்கும். மலைக்குத் தெர்மோகோல், புல்லுக்குப் பச்சைச் சாயமிட்ட மரத்தூள், வீடுகளுக்கு நம் கடை அட்டைப் பெட்டிகள். இவற்றுக்குச் செலவு சொற்பமே. மலைப் பனி ஈரத்தில் இரும்புத் தண்டவாளம் துருப்பிடிக்கும். நிக்கல் சில்வர் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

சிறு அளவில் எவ்வளவு பெரிய உலகத்தை அமைக்கலாம் என்பதற்கு, புனே கோத்ரூடில் 1998இல் திறக்கப்பட்ட ஜோஷி குறு ரயில் காட்சியகம் சாட்சி.

விற்போருக்கு

நான்கு வகை அளவுகளை வாங்கி அடுக்கினால் முதல் முடங்கும். ஒரே அளவில் இரண்டு தொகுப்பும், கூடுதல் தண்டவாளத் துண்டுகளும் போதும். ஒன்றைக் கடையில் ஓட விடுங்கள், அதுவே விளம்பரம்.

எச்சரிக்கை ஒன்று. 14 வயதுக்குட்பட்டோர் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். முத்திரையில்லாச் சரக்கை விற்றால் முதல் குற்றத்திற்கே அபராதம் 2 லட்ச ரூபாய்க்குக் குறையாது. சிறைத்தண்டனைக்கும் சட்டத்தில் இடமுண்டு. மலிவாகக் கிடைக்கிறதே என்று பில் இல்லாச் சரக்கை எடுத்து வந்தால், ஓராண்டு லாபம் ஒரே நாளில் போய்விடும். கொள்முதலின்போதே பெட்டியைத் திருப்பி முத்திரையைப் பாருங்கள், பில்லைப் பத்திரப்படுத்துங்கள்.

சிறிதாகத் தொடங்கி, ஓடிய பின் நீட்டுவதே மாதிரி ரயிலுக்கு அழகு. கடைக்கும் அதுவே பொருந்தும்.