பாக்கெட் மேல சிக்கன் படம்... உள்ளே எவ்வளவு சிக்கன்? பெட் ஃபுட் லேபிளைப் படிப்பது எப்படி?

நாய்க்கோ பூனைக்கோ உணவு வாங்கப் போனா, நாம முதல்ல பார்ப்பது பாக்கெட்டின் முன்பக்கப் படத்தைத்தான். ஆனா விஷயம் எல்லாம் பின்பக்கத்தில், பொடி எழுத்தில் இருக்கு.

'சிக்கன்' வேற, 'சிக்கன் ஃபிளேவர்' வேற!

அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் சங்கமான ஏ.ஏ.எஃப்.சி.ஓ, பெயர் வைக்கவே விதி வகுத்திருக்கு. 'சிக்கன் டாக் ஃபுட்' என்றால், தயாரிப்பில் சேர்க்கும் தண்ணீர் போக 95% சிக்கன் இருக்கணும். 'சிக்கன் டின்னர்' என்றால் 25% போதும். 'வித் சிக்கன்' என்றால் வெறும் 3%. 'ஃபிளேவர்' என்று போட்டால் வாசனை தெரிஞ்சாலே போதும், அளவே கிடையாது! நம்மூரில் எல்லா பிராண்டும் இதைப் பின்பற்றும்னு சொல்ல முடியாது. ஆனாலும் 'வித்', 'ஃபிளேவர்' என்ற சொற்களைப் பார்த்தா உஷாராகிடுங்க.

புரதம்: 10% பெருசா, 24% பெருசா?

கிரேவி பவுச்சில் புரதம் 10%, உலர் உணவில் 24%னு வைங்க. உலர் உணவுதான் சத்துன்னு தோணும். ஆனா பவுச்சில் 80% ஈரப்பதம். 100 கிராமில் தண்ணீர் போக மிச்சம் 20 கிராம். அதில் 10 கிராம் புரதம், அதாவது 50%. உலர் உணவில் ஈரப்பதம் 10% என்றால் மிச்சம் 90 கிராம்; அதில் 24 கிராம் புரதம், சுமார் 27% மட்டும்தான். ஈரப்பதத்தைக் கழிக்காம ஒப்பிடவே கூடாது.

அந்த எண்ணையும் கண்ணை மூடிட்டு நம்ப முடியாது. புரதத்தை நேரடியா அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து கணக்கு போடுறாங்க. இதைப் பயன்படுத்தி, சீனாவில் இருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்தாங்க. 2007ல் அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன.

பொருட்கள் பட்டியலில் எடை அதிகமானது முதலில் வரும். பச்சை இறைச்சியில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், அது முதல் இடத்தில் இருப்பதை மட்டும் வெச்சு மயங்க வேண்டாம்.

ஒரே ஒரு வரி படிக்க நேரம் இருந்தா?

'கம்ப்ளீட்' என்ற சொல்லைத் தேடுங்க. கூடவே குட்டிக்கா, வளர்ந்ததுக்கா என்றும் பாருங்க. 'காம்ப்ளிமென்டரி' என்று இருந்தால் அது தொட்டுக்கதான், முழு சாப்பாடு இல்ல.

பூனை வளர்ப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். டாரின் சத்து குறைஞ்சா பூனைக்குப் பார்வை போகும், இதயம் பலவீனமாகும். இந்த இதயப் பாதிப்புக்கு டாரின் குறைபாடே காரணம்னு 1987லதான் தெரியவந்தது. நாய் உணவில் டாரின் சேர்க்கணும்னு கட்டாயம் இல்ல. அதனால பூனைக்கு நாய் உணவை தினமும் வைக்காதீங்க.

சில கடைகளில் மூட்டையைப் பிரிச்சு கிலோ கணக்கில் உதிரியா விற்பாங்க. விலை கம்மிதான், ஆனா கையில் லேபிளே வராது. வாங்கியே ஆகணும்னா, மூட்டையின் பின்பக்கத்தையும் காலாவதி தேதியையும் மொபைலில் ஒரு போட்டோ எடுத்துக்கோங்க.