சேற்றுக்குள் ஒரு கத்தரி

காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கம் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் பழவேற்காட்டுப் பறவைகள் வரும், அலையாத்தி வரும், இறாலும் நண்டும் வரும். மண்ணுக்குள் இருக்கும் பூஞ்சையை யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டிய கூட்டம் ஒன்று அங்கே உண்டு: கைட்ரிட்.

இவற்றின் வித்துகளுக்குப் பின்பக்கம் ஒரே ஒரு வால். அதை வீசி ஈர மண்ணிலும் குட்டையிலும் நீந்தும். பூசணமும் காளானும் செய்யாத வேலை இது. பெரும்பாலும் நன்னீர் வாசிகள். கழிமுகத்து உப்பைத் தாங்குபவையும் சில உண்டு. இவற்றைப் பிடிப்பது எளிது. கைப்பிடி மண்ணை நீரில் கரைத்து, மேலே பைன் மரத்துப் பூந்தாதைத் தூவினால் போதும், சில நாளில் தாதின் மேல் வந்து ஒட்டிக்கொள்ளும்.

மண்வாசியான ஸ்பைசெல்லோமைசிஸ் பங்டேட்டஸின் மரபணுக்கள்தான் விசித்திரம். செல் எப்போது பிரிய வேண்டும் என்பதை விலங்குகளில் ஒரு புரதக் கூட்டணி முடிவுசெய்கிறது, ஈஸ்ட்டில் வேறொன்று. ஈஸ்ட்டின் கூட்டணியில் உள்ள முக்கியப் புரதம் ஆதியில் ஒரு வைரஸிடமிருந்து வந்தது என்று 2016இல் எட்கர் மெதினா, நிக்கோலஸ் புக்ளர் குழுவினர் வாதிட்டார்கள். இந்தப் பூஞ்சையிடம் இரண்டு கூட்டணிகளும் இருக்கின்றன! புதியது வந்த பிறகும் பழையதைத் தூக்கி எறியவில்லை. 2020இல் அதே குழுவினர், அக்ரோபாக்டீரியம் என்ற மண் பாக்டீரியாவைத் தூதாக அனுப்பி இதற்குள் அந்நிய மரபணுவைச் செலுத்தினார்கள். உயிரோடிருக்கும்போதே உட்கருக்கள் பிரிவதை அதன் பிறகு பார்க்க முடிந்தது.

பெரிய செய்தி 2023இல் வந்தது. ஆர்என்ஏ வழிகாட்ட டிஎன்ஏவை வெட்டும் கிரிஸ்பர் கத்தரி பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களின் சொத்து என்றே கருதப்பட்டது. அமெரிக்காவில் ஃபெங் ஜாங் குழுவினர் இந்தப் பூஞ்சையிலிருந்து ஃபான்ஸர் என்ற புரதத்தைப் பிரித்தெடுத்து, அதுவும் அப்படியே வெட்டுகிறது என்று நிறுவினார்கள். மனிதச் செல்களிலும் அது வெட்டியது. உட்கரு உள்ள உயிரினத்தில் இப்படியொரு கத்தரி கண்டறியப்பட்டது அதுவே முதல்முறை.

ஃபான்ஸரின் பாக்டீரியப் பங்காளி டிஎன்பிபி. இடம்விட்டு இடம் தாவும் மரபணுக்களோடு ஒட்டி வாழ்வது. கட்டாக்கில் உள்ள நெல் ஆராய்ச்சி நிறுவனத்தில் குதுபுதீன் மொல்லா குழுவினர் 2024இல் இதைக் கொண்டே நெல்லின் மரபணுவைத் திருத்திக் காட்டினார்கள். வழக்கமான காஸ்9 கத்தரிக்கு 1,368 அமினோ அமிலங்கள், இதற்கு 408தான். கத்தரியைச் செல்லுக்குள் சுமந்து செல்லும் வைரஸ்களில் இடம் குறைவு என்பதால், இந்தச் சின்ன உருவத்துக்குத்தான் இப்போது மவுசு.